புத்தக வடிவமைப்பாளர் ஒருவரின் லேப்டாப்புக்கு எஸ்.எஸ்.டி தேர்ந்தெடுத்தது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தஞ்சை மாவட்டத்தில் வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்குப் புத்தகப் பக்கங்களை வடிவமைத்துக் கொடுப்பவர் ஒருவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதே வேலை. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். கணினி பழுது பார்ப்பது என் தொழில்.

2023 ஜூன் மாதம் அக்கா போன் செய்தார். "தம்பி, ஆன் பண்ணிட்டு உலை வெச்சுட்டு வந்து பார்த்தாலும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. புதுசு வாங்கிடலாமா, இதையே சரி பண்ணலாமா?" என்று கேட்டார்.

லேப்டாப் 2017இல் வாங்கியது. ஏழாம் தலைமுறை ஐ5 செயலி, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் வகை, 2.5 அங்குலம், 7 மி.மீ. தடிமன். அந்தக் காலத்தில் நடுத்தர விலையில் வந்த லேப்டாப்புகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருந்தன.

புதிது வாங்கலாம் என்று சொல்வது எளிது. ஆனால் அக்காவின் வேலை அந்தக் கணினியோடு பின்னிக் கிடந்தது. 2000களின் தொடக்கத்தில் அவர் வடிவமைத்த புத்தகங்கள் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தவை. பதிப்பகம் மறுபதிப்பு கேட்கும்போது அந்தக் கோப்புகளைத் திறந்தாக வேண்டும். பேஜ்மேக்கர் கோப்புகளை நேரடியாகத் திறக்கும் வசதி, அதற்குப் பின் வந்த இன்டிசைன் மென்பொருளின் பழைய பதிப்புகளில்தான் உண்டு, சந்தா முறைக்கு மாறிய பிறகு வந்த பதிப்புகளில் எடுத்துவிட்டார்கள். அக்காவின் கணினியில் பழைய இன்டிசைனும் பேஜ்மேக்கரும் இரண்டுமே இருந்தன. அவற்றை மறுபடி நிறுவுவதற்கான குறுந்தகடு அவரிடம் இல்லை.

எழுத்துரு விவகாரம் இதைவிடப் பெரியது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்களைச் செய்தவர்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் எழுத்துகளை அவரவர் விருப்பப்படி வைத்தார்கள். சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி, 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியாக்கங்களைத் தரமாக அறிவித்தது. ஆனாலும் அச்சகங்களும் பதிப்பகங்களும் கையில் இருந்த எழுத்துருக்களையே தொடர்ந்தன. அதனால் ஒரு பழைய புத்தகக் கோப்பு இருக்கிறது, அதற்குரிய எழுத்துரு இல்லை என்றால், திரையில் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான் வரும். நூல் கைவிட்டுப் போன மாதிரிதான். அக்காவின் கணினியில் இப்படிப்பட்ட எழுத்துருக் கோப்புகள் ஆயிரத்துக்கு மேல் இருந்தன.

ஆக, உள்ளே இருப்பதை அப்படியே புதிய இடத்துக்கு மாற்ற வேண்டும், அதே லேப்டாப் வேகமாக வேண்டும். முதல் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டிய தேவை இதுதான். எனக்குத் தெரிந்தது ஒரு வாரம் கழித்து.

போனில் எடுத்த முடிவு

கல்லூரியில் படிக்கும் அக்காவின் மகன், கணினியின் எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைப் படம் பிடித்து அனுப்பினார். டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் சிவப்பாக நின்றது. செயலி 12 சதவீதம், நினைவகம் 60 சதவீதம். டிஸ்க் 100 சதவீதம் உழைத்தும் நொடிக்கு நகர்ந்த தரவு 2 எம்பிகூட இல்லை.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் ஹார்ட் டிஸ்க்கின் கஷ்டம் புரியும். 5,400 சுற்று என்றால் நொடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. வேண்டிய தரவு வாசிப்பு முனைக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும், அது ஐந்தரை மில்லிநொடி. அதற்கு முன் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு மில்லிநொடி. கூட்டிப் பார்த்தால் ஒரு நொடிக்குள் அறுபது இடங்களுக்குப் போய்வந்தால் பெரிது. ஒரே பெரிய கோப்பை வரிசையாகப் படிக்கும்போது இது உறைக்காது. விண்டோஸ் தொடங்கும்போதும் ஆயிரம் எழுத்துருக்களை ஏற்றும்போதும் படிப்பதெல்லாம் சின்னச் சின்னத் துண்டுகள். அங்கேதான் கணினி முழி பிதுங்குகிறது. தரவைச் சில்லுகளில் வைத்துக்கொள்ளும் எஸ்.எஸ்.டியில் சுழல்வதற்கும் நகர்வதற்கும் எதுவும் இல்லை, ஒரு துண்டைக் கொடுக்க அதற்கு 0.1 மில்லிநொடி அளவுதான் ஆகும்.

"எஸ்.எஸ்.டி போட்டால் சரியாகும்" என்றேன். அது சரியான பதில்தான். அடுத்துச் சொன்னதில்தான் தவறினேன். அந்த மாடலின் விவரப் பக்கத்தில் எம்.2 ஸ்லாட் (சிறு பலகை வடிவ எஸ்.எஸ்.டியைச் சொருகும் இடம்) ஒன்று காலியாக இருப்பதாகப் பார்த்த நினைவு எனக்கு இருந்தது. "உள்ளே எம்.2 ஸ்லாட் இருக்கு, 2280 அளவில் 500 ஜிபி வாங்கிடுங்க. அதுல விண்டோஸ் போட்டுடலாம், பழைய ஹார்ட் டிஸ்க் ஃபைல்களுக்கு அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

மகன் இணையத்தில் தேடினார். 2280 அளவில் இரண்டு வகை தெரிந்தன. ஒன்று எம்.2 சாட்டா, நொடிக்கு 550 எம்பி. இன்னொன்று எம்.2 என்.வி.எம்.இ, நொடிக்கு 3,500 எம்பி. இரண்டாவது சில நூறு ரூபாய் குறைவாகவும் இருந்தது. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் இரண்டாவதைத்தான் வாங்கியிருப்பார்கள். அவரும் அதையே வாங்கினார்.

ஸ்லாட்டில் பொருந்தியது, கணினி பார்க்கவில்லை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். கீழ்மூடியைக் கழற்றி, முதலில் பேட்டரி இணைப்பைப் பிரித்துவிட்டு, புதிய எஸ்.எஸ்.டியை ஸ்லாட்டில் சொருகினேன். சரியாக உட்கார்ந்தது. ஸ்க்ரூவும் போட்டாயிற்று. ஆன் செய்தால், விண்டோஸுக்கு முன் கணினியைத் தொடக்கும் பயாஸின் பட்டியலில் பழைய ஹார்ட் டிஸ்க் மட்டும் நின்றது. விண்டோஸுக்குள் போய்ப் பார்த்தேன், அங்கும் இல்லை. கழற்றி மாட்டினேன், பயாஸை இயல்புநிலைக்குத் திருப்பினேன். எதற்கும் பலனில்லை.

அப்புறம்தான் அந்த மாடலின் பராமரிப்புக் கையேட்டை இறக்கிப் படித்தேன். உதிரிபாகப் பட்டியலில் ஒரே வரி: எம்.2 ஸ்லாட் சாட்டா வகை எஸ்.எஸ்.டியை மட்டும் ஏற்கும்.

எம்.2 என்பது வடிவத்தின் பெயர். 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், அவ்வளவுதான். அந்தப் பலகை மதர்போர்டோடு எந்த வழியில் பேசுகிறது என்பது வேறு விஷயம். சாட்டா வழி ஹார்ட் டிஸ்க் காலத்திலிருந்து வருவது. நொடிக்கு 6 ஜிகாபிட் என்ற உச்சவரம்பு அதற்கு உண்டு, நடைமுறையில் 550 எம்பிக்குப் பக்கத்தில் நின்றுவிடும். என்.வி.எம்.இ என்பது 2011இல் வெளியான தரம், பி.சி.ஐ.இ என்ற அதிவேகத் தடங்கள் வழியாகச் செயலியோடு பேசுவது. மூன்றாம் தலைமுறை பி.சி.ஐ.இயில் நான்கு தடங்கள் கிடைத்தால் 3,500 எம்பி வரும். இந்த லேப்டாப்பைச் செய்தவர்கள் அந்த ஸ்லாட்டுக்கு பி.சி.ஐ.இ தடங்களையே இழுக்கவில்லை. எஸ்.எஸ்.டியில் எந்தக் குறையும் இல்லை, அது பேசிய வழியில் எதிர்முனையில் ஆளே இல்லை.

எஸ்.எஸ்.டி பலகையின் விளிம்பில் உள்ள வெட்டை வைத்து வகையைக் கண்டுபிடித்துவிடலாம் என்று பலரும் சொல்வார்கள். ஒரு வெட்டு என்றால் என்.வி.எம்.இ, இரண்டு வெட்டு என்றால் சாட்டா என்பது பரவலாகப் புழங்கும் கணக்கு. பெரும்பாலும் சரியாகத்தான் வரும். ஆனால் இரண்டு தடங்களில் இயங்கும் சில பி.சி.ஐ.இ எஸ்.எஸ்.டிகளுக்கும் இரண்டு வெட்டுகள் உண்டு. ஸ்லாட் பக்கத்தில் அந்தக் கணக்கு இன்னும் பலவீனம். இந்த லேப்டாப்பின் ஸ்லாட்டில் இருந்தது என்.வி.எம்.இ பலகையின் வெட்டுக்குள் பொருந்தும் எம் வகைத் தடுப்பு. அதனால்தான் தவறான பொருளும் எந்த எதிர்ப்பும் இல்லாமல் உள்ளே போனது. கையேட்டின் அந்த ஒரு வரியைப் படிப்பதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை.

உறை பிரித்த பொருளைத் திருப்பி எடுக்க விற்றவர்கள் மறுத்துவிட்டார்கள். பணம் என்னால் வீணானது என்பதை அக்காவிடம் சொன்னேன். "விடு தம்பி, வேலை நடக்கணும், அதப் பாரு" என்றார்.

பழைய டிஸ்க்கின் உண்மை நிலை

சரியான வகையை வாங்கி வருவதற்குள் பழைய டிஸ்க்கைப் படியெடுக்க ஏற்பாடு செய்யலாம் என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் அதன் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் அளவீடுகளை முதன்முறையாகப் பார்த்தேன். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டியது. படிக்க முடியாமல் தீர்வுக்குக் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கையில் 18 என்று இருந்தது. அந்த மென்பொருள் மூல எண்ணைப் பதினாறடிமான முறையில்தான் காட்டும், அமைப்பில் மாற்றினால் ஒழிய. 18 என்பது நாம் எண்ணும் முறையில் 24. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தால், டிஸ்க்கில் கெட்ட பகுதி இருப்பதாகச் சொல்லும் 7ஆம் எண் பதிவு ஏப்ரலிலிருந்தே நிறைய இருந்தது.

அக்காவிடம் கேட்டேன், ஏதாவது குறிப்பிட்ட வேலையில் கணினி அப்படியே நின்றுபோகிறதா என்று. உடனே சொன்னார். "எழுத்துரு பட்டியலைத் திறந்தா போதும், அரை நிமிஷம் உறைஞ்சு போயிடும். அப்புறம் தானா சரியாயிடும். ரெண்டு மாசமா அப்படித்தான்."

இதை அவர் முதல் போனிலேயே சொல்லியிருப்பார், நான் கேட்டிருந்தால். பொதுவான மந்தம் வேறு, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உறைவது வேறு. முன்னது வேகக் குறைவு. பின்னது பெரும்பாலும் டிஸ்க் ஒரு பகுதியைப் படிக்க முடியாமல் மீண்டும் மீண்டும் முயல்வது.

இதற்கு முன் உள்ளூரில் ஒரு கடையில் காட்டியபோது, டிஸ்க்கைச் சரிபார்த்துப் பழுது நீக்கும் கட்டளையை இரவு முழுக்க ஓடவிடச் சொன்னார்களாம். நல்ல வேளை, அக்கா அதைச் செய்யவில்லை. நொடிந்துபோன டிஸ்க்கில் அதைச் செய்யக் கூடாது. ஒவ்வொரு பகுதியையும் போராடிப் படிக்கவைக்கும், படிக்க முடியாத கோப்புகளை அதே டிஸ்க்கில் வெட்டி ஒட்டும். மீட்க வேண்டியது கையில் வருவதற்கு முன்னால் அது மிச்சமிருக்கும் ஆயுளையும் தின்றுவிடலாம்.

அன்றைக்கே வேலையின் வரிசையை மாற்றினேன். வேகம் அப்புறம். முதலில் உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வேண்டும். அக்காவை அந்தக் கணினியைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு கையோடு எடுத்து வந்துவிட்டேன்.

மீட்பு

விண்டோஸுக்குப் பதிலாக யூ.எஸ்.பியிலிருந்து லினக்ஸில் கணினியைத் தொடங்கி, டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி கொண்டு டிஸ்க்கை முழுவதுமாக என்னிடம் இருந்த இன்னொரு 1 டிபி டிஸ்க்குக்குப் படியெடுத்தேன். இந்தக் கருவியை நான் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. சாதாரணப் படியெடுக்கும் மென்பொருள்கள் கெட்ட பகுதியில் முட்டிக்கொண்டால் அங்கேயே நிற்கும், இல்லாவிட்டால் வேலையைக் கைவிடும். டிடிரெஸ்க்யூ சிக்கலான இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போகும். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, கடைசியில்தான் சிக்கலுக்குத் திரும்பும். எதைப் படித்தோம், எது பாக்கி என்பதைத் தனிக் கோப்பில் எழுதி வைப்பதால், இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நல்ல பகுதிகள் மூன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டன. மிச்சத்துக்கு ஒரு இரவு ஆனது. காலையில் ஐந்து இடங்கள் மட்டும் எவ்வளவு முயன்றும் வரவில்லை. ஒவ்வொன்றும் 4 கேபி, மொத்தம் 20 கேபி. 24ஆக இருந்த எண் அதற்குள் 40 ஆகியிருந்தது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

எந்தக் கோப்புகள் அந்த ஐந்து இடங்களில் இருந்தன என்று தேடினேன். மூன்று இடங்கள் காலி இடம். ஒன்று விண்டோஸ் புதுப்பிப்புக்காக இறக்கி வைத்த கோப்பு, போனால் போகிறது. ஐந்தாவது ஒரு எழுத்துருக் கோப்பு. எழுத்துரு பட்டியல் திறக்கும்போது ஒவ்வொரு எழுத்துருவின் மாதிரியையும் வரைந்து காட்டும். அதற்காக இந்தக் கோப்பைப் படிக்கப் போய்த்தான் கணினி அரை நிமிடம் உறைந்திருக்கிறது. அந்த எழுத்துருவில்தான் அக்கா 2004இலும் 2006இலும் இரண்டு பெரிய நூல்களைச் செய்திருந்தார்.

மறுபடி தேர்வு

டிஸ்க்கே போய்விட்டது என்று தெரிந்ததும் என் முதல் யோசனையின் அடிப்படையும் போய்விட்டது. எம்.2 வகையை நான் சொன்னதற்கு ஒரே காரணம், பழைய ஹார்ட் டிஸ்க்கை அதன் இடத்தில் விட்டு வைக்கலாம் என்பதுதான். இப்போது அந்த 2.5 அங்குல இடம் எப்படியும் காலியாகப் போகிறது. அப்படியானால் சாட்டா மட்டுமே ஏற்கும் எம்.2 ஸ்லாட்டைப் பிடித்துத் தொங்க வேண்டிய தேவை என்ன?

மூன்று வழிகளை அக்காவோடும் மகனோடும் உட்கார்ந்து பேசினோம்.

என்.வி.எம்.இ வேண்டும் என்றால் லேப்டாப்பையே மாற்ற வேண்டும். பழைய மென்பொருள்கள் நிறுவிய விண்டோஸை அப்படியே வேறு கணினிக்கு நகர்த்தினால் அவை ஓடும் என்பதற்கு உறுதி இல்லை. அது கழிந்தது.

எம்.2 சாட்டா இந்த ஸ்லாட்டில் வேலை செய்யும். ஆனால் நாளைக்கு இந்த லேப்டாப் நின்றுபோனால் அந்தப் பலகையை எங்கே போடுவது? இப்போது வரும் லேப்டாப்புகளின் எம்.2 ஸ்லாட்டுகள் பெரும்பாலும் என்.வி.எம்.இயை மட்டும் ஏற்பவை. சந்தையிலும் எம்.2 சாட்டா வகைகள் குறைந்துகொண்டே வருகின்றன, விலையும் கூடுதல்.

2.5 அங்குல சாட்டாவின் வேகம் எம்.2 சாட்டாவின் வேகம்தான், வழி ஒன்றே என்பதால். ஆனால் அதைக் கழற்றி எந்த மேசைக் கணினியிலும் போடலாம். சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு யூ.எஸ்.பி கேபிளில் மாட்டி எந்தக் கணினியிலும் படிக்கலாம். நாற்பது நூல்களை உள்ளே வைத்திருக்கும் ஒருவருக்கு இந்தக் குணம் 3,500 எம்பி வேகத்தைவிட முக்கியம் என்று எனக்குப் பட்டது. அக்காவும் இதைக் கேட்டவுடனே இதுதான் வேண்டும் என்றார்.

மகனுக்கு ஒரு குறை இருந்தது. "ஆறு மடங்கு வேகத்த விட்டுட்டு இதப் போடுறோமேண்ணா" என்றார். நியாயமான கேள்வி. ஆறு மடங்கு என்பது பெரிய கோப்பை வரிசையாகப் படிக்கும் கணக்கு. அக்கா நாள் முழுக்கச் செய்வது சிறு கோப்புகளைத் திறப்பது. அதில் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்.எஸ்.டிக்கு வரும் தாவல் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இக்குப் போகும் தாவலை இந்த வேலையில் கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பெரிய வீடியோக்களைத் தொகுப்பவர் என்றால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

வகை முடிவானதும், அந்த வகைக்குள் எதை வாங்குவது என்ற கேள்வி. மிக மலிவான சாட்டா எஸ்.எஸ்.டிகளில் டிரேம் இருக்காது. எந்தத் தரவு எந்தச் சில்லில் இருக்கிறது என்ற வரைபடத்தை வைத்துக்கொள்வதற்கான சிறு நினைவகம் அது. டிரேம் இல்லாத என்.வி.எம்.இ வகைகள் கணினியின் ரேமில் கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளித்துக்கொள்ளும், அந்த ஏற்பாடு என்.வி.எம்.இ தரத்தின் 1.2 பதிப்பிலிருந்து உண்டு. சாட்டாவில் அந்த வசதி கிடையாது. அதனால் டிரேம் உள்ளதா என்று பார்ப்பது என்.வி.எம்.இயைவிடச் சாட்டாவில் கூடுதல் அவசியம். சில நூறு ரூபாய் சேர்த்து டிரேம் உள்ள, செல்லுக்கு மூன்று பிட் எழுதும் டி.எல்.சி வகையை வாங்கினோம். 500 ஜிபி, 180 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம்.

கொள்ளளவைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. 1 டிபி டிஸ்க்கில் பயன்பாட்டில் இருந்தது 310 ஜிபி. 500 ஜிபி என்று எழுதியதை விண்டோஸ் 465 என்று காட்டும், அதிலும் போதுமான இடம் மிச்சம் இருக்கும்.

மாற்றியதும் அளந்ததும்

மீட்ட படிமீது மட்டும் சரிபார்ப்புக் கட்டளையை ஓட்டினேன். அதில் விண்டோஸ் பகுதியைச் சுருக்கி, அங்கிருந்து புதிய எஸ்.எஸ்.டிக்குப் படியெடுத்தேன். இந்த விண்டோஸ் பழைய பயாஸ் முறையில், டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய எம்.பி.ஆர் அமைப்பில் நிறுவப்பட்டிருந்தது. சாட்டாவிலிருந்து சாட்டாவுக்கு மாறியதால் அதில் கை வைக்கவே தேவைப்படவில்லை. ஸ்லாட் என்.வி.எம்.இயை ஏற்றிருந்தால்கூட, அதிலிருந்து தொடங்குவதற்காக, பயாஸுக்குப் பின் வந்த யூ.இ.எஃப்.ஐ முறைக்கு மாற்றும் வேலை தலையில் விழுந்திருக்கும்.

பழைய டிஸ்க்கைச் சுற்றியிருந்த தகரச் சட்டத்தைக் கழற்றிப் புதியதில் மாட்டி, அதே இடத்தில் வைத்தேன். முதல் முயற்சியிலேயே விண்டோஸ் தொடங்கியது. பழைய இன்டிசைனும் பேஜ்மேக்கரும் எதையும் கேட்காமல் திறந்தன. டிரைவ்களைச் சீரமைக்கும் சாளரத்தில் வகை 'சாலிட் ஸ்டேட் டிரைவ்' என்று வந்திருக்கிறதா, அழித்த தரவின் இடத்தை எஸ்.எஸ்.டிக்குத் தெரிவிக்கும் ட்ரிம் இயங்குகிறதா என்று பார்த்துக்கொண்டேன். படியெடுத்த விண்டோஸ் சில சமயம் தான் இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

பொத்தானை அழுத்தியதிலிருந்து வேலை செய்யும் நிலைக்கு வர முன்பு 4 நிமிடம் 10 நொடி, இப்போது 26 நொடி. இன்டிசைன் திறக்க முன்பு 1 நிமிடம் 50 நொடி, இப்போது 15 நொடி. எழுத்துரு பட்டியல் தொட்டவுடன் விரிகிறது. ஆனால் 400 பக்க நூலை பி.டி.எஃப் ஆக்குவதற்கு முன்பு ஆறு நிமிடம் ஆனது, இப்போதும் ஐந்துக்கு மேல் ஆகிறது. அது செயலியின் வேலை, எந்த எஸ்.எஸ்.டி போட்டாலும் அங்கே பெரிய மாற்றம் வராது. இதை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் அக்காவுக்கு ஏமாற்றம் இல்லை.

வாங்கி வீணானது என்று நினைத்த என்.வி.எம்.இக்கும் வழி பிறந்தது. அதற்குரிய யூ.எஸ்.பி பெட்டி ஒன்றை என் செலவில் வாங்கி, அன்றாட வேலையின் நகலை வைத்துக்கொள்ளும் வெளி டிரைவாக மாற்றிக் கொடுத்தேன். ஆனால் முடிந்த நூல்களின் நிரந்தர நகலை அதில் மட்டும் வைக்கவில்லை. எஸ்.எஸ்.டி மின்சாரம் இல்லாமல் பெட்டிக்குள் கிடப்பதற்கு ஏற்ற பொருள் இல்லை. நினைவகச் சில்லுகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரப்படி, எழுதும் ஆயுள் முடிந்த நிலையில் ஒரு சாதாரண எஸ்.எஸ்.டி 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும். புதிய எஸ்.எஸ்.டி அதைவிட நெடுநாள் தாங்கும், ஆனால் நம் ஊர் மே மாதத்தில் அலமாரிக்குள் 30 டிகிரி எங்கே இருக்கிறது? அதனால் நிரந்தர நகலுக்கு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்.

மூன்று மாதம் கழித்து ஸ்மார்ட் அளவீடுகளைப் பார்த்தேன். நாளொன்றுக்குச் சராசரியாக 15 ஜிபி எழுதப்பட்டிருந்தது. 180 டெராபைட்டை அதால் வகுத்தால் 12,000 நாள் வருகிறது, முப்பது ஆண்டுக்கு மேல். வாங்கும்போது எழுதும் ஆயுள் எண்ணை ஒப்பிட்டுச் செலவழித்த நேரத்தை நிறுவனத்தின் உத்தரவாதக் காலத்தைப் பார்ப்பதில் செலவிட்டிருக்கலாம்.

இப்போது நான் செய்யும் முறை

மந்தம் என்று யார் சொன்னாலும் முதலில் ஸ்மார்ட் அளவீட்டின் படத்தை அனுப்பச் சொல்கிறேன். அது மஞ்சளாக இருந்தால் எஸ்.எஸ்.டி பேச்சையே எடுப்பதில்லை, நகல் எடுத்த பிறகுதான் மற்றது. இந்த நிகழ்வில் ஒரு வாரத்தை நான் தவறவிட்டேன். அந்த வாரத்தில் அக்கா தினமும் அந்த டிஸ்க்கில் வேலை செய்திருக்கிறார்.

பராமரிப்புக் கையேட்டைக் கண்ணால் படிக்காமல் எம்.2 என்ற சொல்லை வாங்குபவரிடம் சொல்வதில்லை. விற்பனைப் பக்கத்து விவரம் போதாது, அதே பெயரில் இரண்டு மதர்போர்டு வகைகள் வருவதுண்டு. மாடல் எண்ணை லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் தாளிலிருந்து படம் பிடித்து வாங்குகிறேன்.

எதை இழக்கவே முடியாது என்று கேட்கிறேன். அக்காவிடம் முதல் நாளே கேட்டிருந்தால் வேகத்தைச் சொல்லியிருக்க மாட்டார், எழுத்துருக்களைத்தான் சொல்லியிருப்பார்.

கெட்டுப்போன அந்த எழுத்துரு சென்னையில் அவரோடு முன்பு வேலை பார்த்த ஒருவரின் பழைய குறுந்தகட்டில் கிடைத்தது. கிடைத்ததும் அக்கா உடனே மகிழ்ந்துவிடவில்லை. அதே பெயரில் வேறு பதிப்பாக இருந்தால் எழுத்தின் அகலம் மாறும், வரி முறிவு மாறும், பொருளடக்கத்தின் பக்க எண்களே பொய்யாகிவிடும். 2006இல் செய்த நூலைத் திறந்து, அச்சான பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பதினைந்து பக்கங்களை வரி வரியாக ஒப்பிட்டார். எல்லாம் அதே இடத்தில் முறிந்தன.

அதற்குப் பிறகு பழைய நூல்களை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்ற ஆரம்பித்திருக்கிறார். கடைசியாகப் பேசியபோது மூன்றாவது நூலில் இருந்தார்.